பதினாறு சிவப்புப் பந்துகள்: ஒரு மூலக்கூறு மாடல் கிட் பற்றி

பாளையங்கோட்டை மகாராஜநகரில் எங்கள் வீட்டு மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். இந்த வருஷம் ஆறு பேர். நாலு பேர் தமிழ் மீடியம். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு மூலக்கூறு மாடல் கிட் வாங்கினேன். பந்தும் குச்சியும் இருக்குமே, அதுதான். இப்போது என்னிடம் இரண்டு பெட்டி இருக்கிறது. வாங்கலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கிய பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது ஆன்லைனில் வந்தது. படத்தில் அழகாக இருந்தது, விலையும் குறைவு. பிரித்துக் கறுப்புப் பந்து ஒன்றைக் கையில் எடுத்ததுமே மனசு விட்டுப்போயிற்று. கார்பன் பந்தின் நாலு துளைகளும் ஒரே தளத்தில், கூட்டல் குறி மாதிரி இருந்தன. விற்றவர்களுக்கு போன் செய்தேன். "நாலு துளை இருக்குல்ல மேடம், அப்புறம் என்ன?" என்றார்கள். நாலு துளை இருந்தால் போதாது. அவை எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதில்தான் கரிம வேதியியலே இருக்கிறது.

1865-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹோஃப்மன் என்ற வேதியியலாளர் ஒரு சொற்பொழிவு நடத்தினார். குரோக்கே என்ற விளையாட்டின் மரப்பந்துகளை எடுத்துக் குச்சி சொருகி மூலக்கூறுகளைச் செய்து காட்டினார். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம். இன்று நாம் வாங்கும் பெட்டியிலும் அதே நிறங்கள்தான். ஆனால் அவருடைய மாதிரிகள் தட்டையாக இருந்தன. ஒன்பது வருஷம் கழித்து, 1874-ல், வான்ட் ஹாஃப் கார்பனின் நாலு கைகளும் ஒரு நான்முகியின் (நாலு முக்கோண முகம் உள்ள வடிவத்தின்) நாலு மூலைகளை நோக்கி நீள்கின்றன என்று சொன்னார். அதே வருஷம் லெ பெல்லும் தனியாக அந்த முடிவுக்கு வந்தார். வான்ட் ஹாஃப் அட்டையில் சின்னச் சின்ன நான்முகிகள் செய்து மற்ற வேதியியலாளர்களுக்கு அனுப்பி வைத்தார். அதன் பிறகுதான் சர்க்கரைகளைப் புரிந்துகொள்ள வழி பிறந்தது. எனக்கு வந்த ஆன்லைன் பெட்டி 1874-க்கு முந்தைய வேதியியல். அதை வைத்துக் குளுக்கோஸ் சொல்லிக்கொடுக்கவே முடியாது.

அதனால் பெட்டி வாங்கும்போது கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். ஒரு கறுப்புப் பந்தில் நாலு குச்சியையும் சொருகி மேசையில் வையுங்கள். மூன்று குச்சி முக்காலிக் கால்போல ஊன்றி, நாலாவது நேராக மேலே நிற்க வேண்டும். எந்த மூன்றை ஊன்றினாலும் அப்படியே நிற்க வேண்டும். எந்த இரண்டு குச்சிக்கும் இடையில் 109.5 பாகை. நிற்காவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவதாக, பாளையங்கோட்டையிலேயே பள்ளிகளுக்கு லேப் சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். 450 ரூபாய். கடைக்காரர் பெட்டியைப் பிரித்துச் சோதிக்க விட்டார், அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். உள்ளே கறுப்பு 12, வெள்ளை 20, சிவப்பு 8, நீலம் 4, பச்சை 4, மஞ்சள் 2, ஆக 50 பந்து. குட்டைக் குச்சி 40. இரட்டைப் பிணைப்புக்கு வளையும் நீளக் குச்சி 12. பிளாஸ்டிக் கெட்டியானது. முதல் வாரம் குச்சியைப் பிடுங்க விரல் வலித்தது, பழகப் பழக இளகிவிட்டது. கழன்று விழுவதைவிட இறுக்கமாக இருப்பது எவ்வளவோ மேல். கூடவே வரும் தாளில் மீத்தேன், ஈத்தேன், எத்தனால் வரைதான் இருக்கிறது. சர்க்கரை பற்றி ஒரு வரி கிடையாது.

ஒரு மூலக்கூறின் குணத்தைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டங்களான வினைச்செயல் தொகுதிகளைச் சொல்லித்தர இந்த ஒரு பெட்டி தாராளம். கரும்பலகையில் வருஷக்கணக்காக அட்டவணை போட்டிருக்கிறேன். ஹைட்ராக்சில், ஆல்டிஹைடு, கீட்டோன், கார்பாக்சில், அமினோ என்று வரிசையாக எழுதுவேன், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், பரீட்சைக்கு மறுநாள் மறந்துவிடுவார்கள். பெட்டி வந்த பிறகு அட்டவணை போடுவதில்லை. ஈத்தேன் செய்யச் சொல்கிறேன். கறுப்பு இரண்டு, வெள்ளை ஆறு. அதில் ஒரு வெள்ளையைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் சிவப்பைச் சொருகி, சிவப்பின் மறுமுனையில் வெள்ளையை வைத்தால் எத்தனால். கள்ளில் இருக்கும் சாராயம் இதுதான். அந்தச் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த ஜோடிதான் ஓஹெச், அதாவது ஹைட்ராக்சில். அடுத்து ஓஹெச்சில் இருந்து ஒரு வெள்ளை, அந்தக் கார்பனில் இருந்தே ஒரு வெள்ளை, இரண்டையும் எடுத்துவிட்டு நீளக் குச்சி இரண்டால் கார்பனையும் ஆக்சிஜனையும் இணைத்தால் அசிட்டால்டிஹைடு. அந்தக் கார்பனில் மிச்சமிருக்கும் வெள்ளைக்குப் பதில் ஒரு ஓஹெச் வைத்தால் அசிட்டிக் அமிலம். கள் நாள்பட்டுக் காடியாகிப் போவது இதுதான். கறுப்புப் பந்து இரண்டும் கடைசிவரை அசையவே இல்லை. குடித்தவர் ஈரலிலும் எத்தனால் இதே வரிசையில்தான் மாறுகிறது. நடுவில் வருகிற அசிட்டால்டிஹைடுதான் உடம்பைப் படுத்துகிற விஷம். இதைச் சொன்னபோது இரண்டு பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

நீலப் பந்துக்கு மீன். நைட்ரஜனின் மூன்று துளையிலும் மூன்று மீத்தைல் தொகுதியை (ஒரு கறுப்பில் மூன்று வெள்ளை) மாட்டினால் டிரைமீத்தைல் அமீன். மீன் கவிச்சியடிப்பது பெரும்பாலும் இதனால்தான். நம் வீடுகளில் மீனைப் புளி போட்டுக் கழுவுவார்களே, ஏன்? அமீன் ஒரு காரம், புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். இரண்டும் சேர்ந்து உப்பாகிவிட்டால் அது காற்றில் ஏறி மூக்குக்கு வராது, தண்ணீரோடு போய்விடும். நீலப் பந்தில் நாலாவதாக ஒரு துளை இருந்ததைக் கண்டுபிடித்து, "இதுக்கு எதுக்கு டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். புளியில் இருந்து வருகிற ஹைட்ரஜன் அயனி வந்து உட்காரும் இடம் அது. அவளாகவே கேட்டதால் அதை இனி மறக்கமாட்டாள்.

இந்தப் பெட்டியை நான் முக்கியமாக வாங்கியது கார்போஹைட்ரேட்டுக்காக. பிளஸ் டூவில் உயிரியல் மூலக்கூறுகள் பாடம் வரும்போது பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் திணறுவார்கள். குளுக்கோஸை நேர்கோட்டில் எழுதி, ஓஹெச்சுகளை வலது, இடது, வலது, வலது என்று போடுவோம். எமில் ஃபிஷர் 1891-ல் கொண்டுவந்த முறை அது. குளுக்கோஸின் அமைப்பைக் கண்டுபிடித்தவரும் அவரே. சர்க்கரைகள், பியூரின்கள் பற்றிய வேலைக்கு 1902-ல் நோபல் பரிசும் வாங்கினார். தாளில் எழுத அதைவிடச் சுருக்கமான முறை கிடையாது. ஆனால் தாளைப் பார்க்கும் பிள்ளைக்கு, ஒரு ஓஹெச் வலதில் இருந்தால் என்ன, இடதில் இருந்தால் என்ன என்றுதான் தோன்றும்.

நேர்ச்சங்கிலிக் குளுக்கோஸுக்குக் கறுப்பு 6, வெள்ளை 12, சிவப்பு 6. ஒரு பெட்டியில் ஒன்று செய்யலாம். பணகுடியில் இருந்து தினமும் பஸ் ஏறி வருகிற பையன் முதலில் செய்து முடித்தான். சரிபார்த்தால், ஆல்டிஹைடு முனையில் இருந்து எண்ணினால் நாலாவது கார்பனில் மட்டும் ஓஹெச் மறுபக்கம் இருந்தது. "ஏல, நீ செஞ்சது குளுக்கோஸ் இல்ல, காலக்டோஸ். பாலுல இருக்கிறது" என்றேன். பாலில் உள்ள லாக்டோஸ் என்பது காலக்டோஸும் குளுக்கோஸும் சேர்ந்ததுதான். அவன் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், எப்படிச் சுழற்றினாலும் அது குளுக்கோஸ் ஆகவில்லை. குச்சியைப் பிடுங்கி இடம் மாற்றினால்தான் ஆனது. "இவ்வளவுதானா டீச்சர் வித்தியாசம்?" ஆமாம், இவ்வளவுதான். நேர்ச்சங்கிலியில் இப்படி நாலு கார்பனில் திசை மாறலாம், அதனால் ஒரே வாய்பாட்டுக்கு 16 வடிவம் வரும். பதினாறு என்ற எண்ணைப் புத்தகத்தில் படித்துவிட்டுப் போவதும், ஒரு ஓஹெச்சைப் பிடுங்கி மாற்றும்போது கையில் உணர்வதும் ஒன்றாகாது.

வளையம் மூடுவதற்காக அதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கினேன். மூன்று மூன்று பேராகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு பெட்டி கொடுத்தேன். ஐந்தாம் கார்பனின் ஓஹெச்சில் உள்ள வெள்ளையைக் கழற்றி, அந்தச் சிவப்பை முதல் கார்பனோடு சேர்க்க வேண்டும். முதல் கார்பனில் இருந்த வளைந்த குச்சி இரண்டையும் எடுத்துவிட்டு, அங்கிருந்த சிவப்பின் தலையில் கழற்றிய வெள்ளையை மாட்ட வேண்டும். ஆல்டிஹைடு போய் வளையம் வந்துவிடும். இவ்வளவு மட்டும்தான் சொன்னேன். இரண்டு கூட்டமும் செய்து முடித்துப் பக்கத்தில் வைத்தபோது ஒன்றில் முதல் கார்பனின் ஓஹெச் கீழே பார்த்தது, மற்றதில் மேலே. உடனே சண்டை. யார் செய்தது தப்பு என்று என்னைக் கேட்டார்கள். இரண்டும் சரி. கீழே இருந்தால் ஆல்ஃபா, மேலே இருந்தால் பீட்டா. தண்ணீரில் கரைத்த குளுக்கோஸும் இப்படியே திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் ஏறக்குறைய 36 சதவீதம் ஆல்ஃபா, 64 சதவீதம் பீட்டா என்று நிலைகொள்ளும். திறந்த சங்கிலியாக இருப்பது ஒரு சதவீதத்துக்கும் ரொம்பக் கீழே. பீட்டா ஏன் அதிகம் என்பதும் மாடலிலேயே தெரிகிறது. வளையம் நாற்காலி மாதிரி மடங்கி உட்காரும்போது, பீட்டாவில் பெரிய தொகுதிகள் எல்லாம் பக்கவாட்டில் ஒன்றையொன்று இடிக்காமல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆல்ஃபாவில் முதல் ஓஹெச் நெட்டுக்குத்தாக நிற்கும்.

நான் இரண்டு நாள் நடத்துகிற பாடம் அந்தச் சண்டையில் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பெட்டிக்குக் கொடுத்த காசு அன்றைக்கே வந்துவிட்டது.

அடுத்து சுக்ரோஸ். குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃபிரக்டோஸின் இரண்டாம் கார்பனும் ஒரு சிவப்புப் பந்தால் இணையும், நடுவில் ஒரு தண்ணீர் வெளியேறும். இரண்டும் தன் தன் வாசலைப் பூட்டிக்கொண்டு சேர்வதால் ஆல்டிஹைடோ கீட்டோனோ திறக்க வழியில்லை. சர்க்கரையைச் சோதிக்கும் பெனடிக்ட் கரைசலில் சீனி செங்கல் நிறம் தராததற்குக் காரணம் இதுதான். இதைச் செய்துகொண்டிருக்கும்போது திசையன்விளைப் பக்கத்துப் பையன், பனையேறி வீட்டுப் பிள்ளை, ஒன்று சொன்னான். (பயினி என்றால் பதநீர்.) "எங்க தாத்தா பயினி புளிச்சிட்டுன்னா காய்ச்ச மாட்டாவ டீச்சர். கருப்பட்டி கட்டி சேராதும்பாவ. அதுக்குத்தான் கலயத்துல சுண்ணாம்பு தடவுறதுன்னு சொல்லுவாவ."

அவனையே சுக்ரோஸைப் பிரிக்கச் சொன்னேன். நடுவில் உள்ள சிவப்புப் பக்கம் ஒரு தண்ணீரைக் கொண்டுவந்து நுழைத்தால், குளுக்கோஸ் தனி, ஃபிரக்டோஸ் தனி. பயினியில் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். ஈஸ்ட் விழுந்தால் அதன் நொதி இதைத்தான் செய்யும், அப்புறம் அந்தக் குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் எத்தனால் ஆக்கும். சுக்ரோஸ் தனியாக இருந்தால் படிகமாகும். பிரிந்த இரண்டும் கலந்துவிட்டால் படிகம் சேரவிடாது, எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுப்பாக நிற்கும், சிரட்டையில் ஊற்றினாலும் கெட்டிப்படாது. சுண்ணாம்பு, பாளையில் இருந்து சொட்டும் சாற்றைக் காரத்தன்மையில் வைத்து ஈஸ்டை வளரவிடாமல் பிடித்துவைக்கிறது. விடிலியில் பயினி காய்ச்சுகிறவர்கள் காலங்காலமாகச் செய்துவருவதன் காரணத்தை அந்தப் பையன் இரண்டு சர்க்கரை வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானே சொல்லி முடித்தான். மறுநாள் வரும்போது எனக்கு ஒரு வட்டு சில்லுக்கருப்பட்டி கொண்டுவந்தான்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் பனங்கிழங்கு வேகவைத்து வைத்திருந்தேன். பிள்ளைகள் தோலை உரித்து, நடுத்தண்டை எடுத்து, நாரை இழுத்து இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். அந்த நாரைத்தான் பாடமாக்கினேன். கிழங்கின் மாவு ஸ்டார்ச். நாரில் முக்கியமாக இருப்பது செல்லுலோஸ், கூட லிக்னின் போன்றவையும் உண்டு. ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் இரண்டுமே குளுக்கோஸ் மாலை. அப்படியென்றால் ஒன்றைத் தின்கிறோம், ஒன்றை ஏன் துப்புகிறோம்?

இரண்டு பெட்டியையும் ஒன்றாகக் கொட்டி மூன்று குளுக்கோஸை ஆல்ஃபா பிணைப்பில், ஒன்றின் முதல் கார்பனும் அடுத்ததன் நாலாம் கார்பனுமாகக் கோத்தோம். இதில் ஒரு அதிசயம். மூன்று வளையம் கோத்துச் சேர்த்தால் கறுப்பு 18, வெள்ளை 32, சிவப்பு 16. இரண்டு பெட்டியிலும் சேர்த்து இருக்கிற சிவப்பு சரியாகப் பதினாறு. ஒன்றுகூட மிஞ்சவில்லை. குச்சி 68 ஆனது, 80-ல் 12 மிச்சம். வெளியேறும் இரண்டு தண்ணீரைச் செய்து காட்ட மட்டும் ஆக்சிஜன் இல்லை. மூன்று வளையத்திலேயே சங்கிலி ஒரு பக்கமாக வளையத் தொடங்கிவிட்டது. இன்னும் நீண்டால் சுருளாகப் போகும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். ஸ்டார்ச்சின் அமைலோஸ் அப்படித்தான் சுருளும், அயோடின் அந்தச் சுருளுக்குள் போய் உட்காருவதால்தான் கருநீலம் வருகிறது.

போனில் படம் எடுத்துவிட்டுக் கலைத்தோம். அதே பந்துகள், அதே எண்ணிக்கை, இந்த முறை பீட்டா பிணைப்பு. அடுத்தடுத்த வளையத்தைத் தலைகீழாகத் திருப்பினால்தான் இணைகிறது. இணைத்துத் தூக்கினால் சங்கிலி நேராக, விறைப்பாக நின்றது. இப்படி நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஓஹெச்சுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டால் அதுதான் நார், அதுதான் பஞ்சு நூல். நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் ஆல்ஃபா பிணைப்பை வெட்டும், பீட்டாவைத் தொடாது. மாட்டுக்கும் சொந்தமாக அந்த நொதி கிடையாது, அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் வெட்டிக் கொடுக்கின்றன. பணகுடிப் பையன் தான் துப்பிய நாரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாஸ்பரஸ் பந்து இல்லாததால், செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபியோ டிஎன்ஏ முதுகெலும்போ செய்ய முடியாது. ரைபோஸும் டீஆக்சிரைபோஸும் செய்யலாம், இரண்டாம் கார்பனில் ஒரே ஒரு ஆக்சிஜன் குறைவதைக் காட்டலாம், அதோடு சரி. மற்ற நிறங்கள் நிறைய மிஞ்சிக் கிடக்க, சிவப்பு மட்டும் எட்டுதான் கொடுக்கிறார்கள். உயிரியல் படிக்கிற பிள்ளைக்கு ஆக்சிஜன்தான் அதிகம் வேண்டும். சிவப்புக்குப் பதில் மஞ்சளை வைத்துச் சமாளிக்கலாமே என்று ஒரு ஆசிரியை நண்பர் சொன்னார். நான் அதைச் செய்யமாட்டேன். நிறத்தை நம்பித்தான் பிள்ளை பார்க்கிறது. மஞ்சள் சல்ஃபர் என்றால் கடைசிவரை சல்ஃபராகவே இருக்கட்டும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு என்றால் ஒரு பெட்டி போதும். டியூஷனுக்கோ பள்ளிக்கோ என்றால் ஆரம்பத்திலேயே இரண்டு வாங்குங்கள், ஒன்றை வைத்துக்கொண்டு கார்போஹைட்ரேட்டைப் பாதியில் நிறுத்த வேண்டாம்.

பீட்டா சங்கிலியைப் பிள்ளைகள் கலைக்கவிடவில்லை. ஜன்னல் கம்பியில் நூலில் தொங்குகிறது. ஆல்ஃபாவையும் பக்கத்தில் தொங்கவிட வேண்டும் என்கிறார்கள். மூன்று பெட்டி இருந்தால், மூன்று வளையச் சங்கிலியைக் கலைத்துவிட்டு, இரண்டிரண்டு வளையமாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்யலாம். சிவப்பு 22 வேண்டும், மூன்று பெட்டியில் 24 இருக்கும். கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை சரக்கு வரும் என்றார்.